ஹை ஹீல்ஸும் நம் பிள்ளைகளின் கால்களும்



"மாப்பிள்ளை உயரம், நீ ஹீல்ஸ் போட்டுக்கொள்" என்று மணப்பெண்ணிடம் சொல்பவர்கள் பெரும்பாலும் நாம்தான். அதோடு மூன்று மணி நேரம் அவளை நிற்கவும் வைக்கிறோம்.

வெறுங்காலில் நிற்கும்போது உடல் எடையில் பெரும்பகுதியைக் குதிகால் தாங்குகிறது. குதிகால் உயர்ந்தால் அந்தச் சுமை முன்பாதத்துக்குப் போகிறது. முன்னே சாய்ந்து விழாமலிருக்க முழங்காலும் இடுப்பும் முதுகும் தம் நிலையை மாற்றிக்கொள்கின்றன. வலி அங்கிருந்துதான் வருகிறது. தினமும் அணிந்தால் கெண்டைக்கால் தசை குறுகிவிடும். பிறகு தட்டைச் செருப்பு போட்டாலும் வலிக்கும். படிகளில் கணுக்கால் பிசகுவதும் எளிது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், வேலையிடத்தில் பெண்களை ஹீல்ஸ் அணியக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2017-இல் விதி செய்தது. முதலாளிக்கே அந்த உரிமை இல்லையென்றால், வீட்டில் நாம் ஏன் வற்புறுத்த வேண்டும்?

விரும்பி அணிபவர்கள் குதி தாழ்ந்த, அகலமான காலணியை வாங்கட்டும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அப்போது அளவு பார்ப்பது நல்லது. கணுக்கால் பிசகினால் எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, காலை உயர்த்தி வையுங்கள். ஊன்ற முடியாவிட்டால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு அவர்களுடைய உயரமே போதும். அதை முதலில் நாம் ஏற்போம்.