ஏலம் முந்தி, கருத்துக்கேட்பு பிந்தி

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் அரிட்டாபட்டி என்று ஓர் ஊர். ஏழு குன்றுகள், எழுபதுக்கும் மேற்பட்ட ஏரி குளங்கள், பாறையில் இரண்டாயிரம் ஆண்டு பழைய தமிழி எழுத்து, வல்லூறுகள் தங்கும் மலைமுகடு. 2022 நவம்பரில் தமிழக அரசு, அரிட்டாபட்டியிலும் பக்கத்து மீனாட்சிபுரத்திலுமாகச் சுமார் 193 எக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பர் 7-ஆம் தேதி, மத்திய சுரங்க அமைச்சகம் ஓர் ஏல முடிவை வெளியிட்டது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, 2,015 எக்டேர். எடுத்தது வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க். அந்த வரைபடத்துக்குள் பாரம்பரியத் தலமும் அடங்கியிருந்தது.

எப்படி நடந்தது? 2023-இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். 24 கனிமங்களை முக்கியக் கனிமங்கள் என்று பட்டியலிட்டு, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. வருவாய் மாநிலத்துக்குத்தான். ஆனால் எந்த ஊரை ஏலம் விடுவது என்பதைத் தில்லி முடிவுசெய்யும். டங்ஸ்டன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆயுதத்துக்கும் துளையிடும் கருவிக்கும் வேண்டிய உலோகம். உலக உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவின் கையில். அரசு அவசரப்படுவதற்கு நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

கோளாறு வரிசையில் இருக்கிறது. முதலில் ஏலம். பிறகு, ஏலம் எடுத்த நிறுவனமே சம்பளம் கொடுத்து அமர்த்தும் ஆலோசகர் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைத் தயாரிக்கிறார். அதற்கும் பிறகுதான் ஊர் மக்களிடம் கருத்துக் கேட்பு. பெண்ணுக்குப் பரிசம் போட்டுவிட்டு அப்புறம் அவளிடம் சம்மதம் கேட்கிற கதைதான்.

அந்தக் கருத்துக்கேட்புக் கூட்டத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இதற்கு விதி வகுத்திருக்கிறது. 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். மேடையில் கலெக்டர் அல்லது அவர் சார்பில் ஓர் உயர் அதிகாரி, பக்கத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பிரதிநிதி. கீழே சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, போலீஸ், ஓடிக்கொண்டே இருக்கும் வீடியோ கேமரா. குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கே கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் செல்லும். பேசியதையெல்லாம் எழுதி, கடைசியில் உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்டிக் கையெழுத்திட வேண்டும். ஓட்டெடுப்பு இல்லை. ஊரே ஒரே குரலில் வேண்டாம் என்றாலும் திட்டம் அதனால் நின்றுவிடாது. இத்தனை குறை இருந்தும், கம்மாயில் எந்த மாதம் தண்ணீர் நிற்கும் என்று தெரிந்த ஆள் அரசாங்கக் காகிதத்தில் பதிவாகும் இடம் அது ஒன்றுதான்.

அந்தக் கூட்டங்களில் தவறாமல் வந்து நிற்கும் வாதம் வேலைவாய்ப்பு. ஊரில் வேலையில்லாத பையன்கள் இருக்கும்போது அதை ஏளனம் செய்ய முடியாது. ஆனால் எப்படிப்பட்ட வேலை என்று கேட்க வேண்டும். நெய்வேலியைப் பாருங்கள். பழுப்பு நிலக்கரிக்காக நிலம் கொடுத்த குடும்பங்கள் நிரந்தர வேலை கேட்டும், ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டும் எத்தனையோ வருஷமாகப் போராடுகிறார்கள். 2023 ஜூலையில் அதற்கருகே வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காகப் பச்சை நெற்பயிருக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சுரங்கத்தில் எத்தனை பேருக்கு வேலை என்ற எண் அறிக்கையிலேயே வந்துவிடும். வயல் போனால் நாற்று நடுகிறவருக்கும் ஆடு மேய்க்கிறவருக்கும் போகிற வேலையை யார் எண்ணுகிறார்கள்?

அரிட்டாபட்டி கதை எப்படி முடிந்தது? 2024 டிசம்பர் 9-ஆம் தேதி தமிழகச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2023-லேயே எதிர்த்துக் கடிதம் எழுதினோம் என்றது மாநில அரசு. ஏலம் நடந்தபோது ஏன் பேசவில்லை என்றது மத்திய அரசு. ஜனவரியில் மேலூர் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் மதுரையை நோக்கிப் பேரணி போனார்கள். 2025 ஜனவரி 23-இல் ஏலம் ரத்து. வெற்றிக்குச் சொந்தம் கொண்டாடக் கட்சிகளுக்குள் போட்டியே நடந்தது. ஆனால் கவனியுங்கள்: அந்த ஊரைக் காப்பாற்றியது சுற்றுச்சூழல் ஆய்வு இல்லை. அந்தக் கட்டத்துக்கே விஷயம் போகவில்லை. கூட்டம் சேர்க்கும் பலமும், தேர்தல் கணக்கும், பாரம்பரியத் தலம் என்ற பெயரும் சேர்ந்து காப்பாற்றின. இந்த மூன்றும் இல்லாத ஊருக்கு என்ன இருக்கிறது?

முன்பைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது. 2025 செப்டம்பர் 8-ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் சுரங்கம் வெட்ட இனி மக்கள் கருத்துக் கேட்க வேண்டியதில்லை. பாதுகாப்புத் தேவை காரணமாகச் சொல்லப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் கடற்கரையில் 1,144 எக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்துவரும் மீனவக் கிராமங்களுக்கு இது நேராகத் தைக்கிற செய்தி. குறிப்பாணையைத் திரும்பப் பெறக் கோரி முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

இந்த விலக்கு எல்லாச் சுரங்கத்துக்கும் இல்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும் பெரிய கல்குவாரிக்கும் கருத்துக்கேட்பு இன்னும் உண்டு. உங்கள் பக்கத்தில் அப்படியோர் அறிவிப்பு வந்தால், கலெக்டர் அலுவலகத்துக்குப் போய் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அன்றைக்கு நேரில் வர முடியாதவர்கள் கூட்டத்துக்கு முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி அனுப்பலாம்.