நன்கொடை எங்கே போய்ச் சேர வேண்டும்?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பார்வையற்றோருக்கு உதவும் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு நம் சங்கம் இந்த ஆண்டு நிதி தரப் போகிறது. மகிழ்ச்சி. அதை எதற்குத் தருவது என்பது பற்றி இரண்டு வார்த்தை.

எங்கள் ஊர் செஞ்சிப் பக்கம் அவலூர்பேட்டை. நான் பள்ளியில் படித்தபோது அங்கே இலவசக் கண் முகாம் நடந்தது. கண்புரையால் வாசற்படி தெரியாமல் தடுமாறிய என் ஆயாவை பஸ்ஸில் அழைத்துப் போய், ஆபரேஷன் செய்து, லென்ஸ் வைத்து அனுப்பினார்கள். வந்ததும் வராததுமாக, "ஏன்டா இப்படி இளைச்சிப் போயிட்ட?" என்றார். ஒரு பைசா செலவில்லை. அது எப்படி முடிந்தது என்பது பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது.

அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்நாளில் உள்விழி லென்ஸ் வெளிநாட்டுச் சரக்கு. விலை சுமார் 100 டாலர். ஏழைக்குத் தடித்த கண்ணாடிதான். அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை போன்றோர் துணை நிற்க, 1992-ல் மதுரையிலேயே 'ஆரோலேப்' லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியது. விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. இன்று அந்த லென்ஸ் 100 நாடுகளுக்கு மேல் போகிறது. லென்ஸ் வாங்கக் கொடுத்த பணம் ஒரு கண்ணோடு தீர்ந்துவிடும். லென்ஸ் செய்யக் கொடுத்த பணம் இன்னும் தீரவில்லை.

நம் நிதிக்கும் இதுதான் கணக்கு. நூறு வெள்ளைக் கைத்தடி வாங்கிக் கொடுத்து போட்டோ எடுப்பது சுலபம். அதைப் பிடித்துத் தனியே நடக்கப் பழக்கும் பயிற்சியாளரின் சம்பளத்துக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. கணினித் திரையைத் தமிழிலும் வாசித்துக் காட்டும் 'என்விடிஏ' மென்பொருள், பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் 2006-ல் தொடங்கியது, இலவசம். சொல்லித்தரும் ஆசிரியர் இலவசமில்லையே!

ஆகவே மூன்றாண்டுச் சம்பளத்தை நாம் ஏற்போம். பிறகு? 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அங்கே பணிபுரியும் நண்பர்கள் கதவைத் திறந்துவிடுங்கள். விண்ணப்பம் எழுதவும் கணக்கு ஒப்படைக்கவும் சின்ன அமைப்புகளிடம் ஆளில்லை. தம்பி தங்கைகளே, அது உங்கள் வேலை.