இறால் அலர்ஜியும் அயோடின் ஊசியும்

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மருந்து விஷயத்தில் முடிவு உங்கள் டாக்டருடையது. நான் பேச வந்தது ஒரு தவறான பயத்தைப் பற்றி.

"இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் அயோடின் ஊசி போட்டு ஸ்கேன் எடுக்கக் கூடாது" என்று பலர் சொல்கிறார்கள். பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் என்று மீனும் இறாலும் அன்றாடச் சாப்பாடாக உள்ள நம் பகுதியில் இது பலரைப் பயமுறுத்துகிறது.

முதலில் அயோடின் எதற்கு? பித்தப்பையும் பெரும்பாலான பித்தக்கற்களும் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. 1924-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கிரஹாம், கோல் என்ற இரு மருத்துவர்கள் இதற்கு வழி கண்டார்கள். பித்தத்தில் கலந்து பித்தப்பையில் சேரும் ஒரு மருந்தைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பிறகு அயோடின் கலந்த மாத்திரைகள் வந்தன. முதல் நாள் இரவு கொழுப்பில்லாத சாப்பாடு, பிறகு மாத்திரை, மறுநாள் காலை எக்ஸ்ரே. எக்ஸ்ரே கதிரை அயோடின் தடுப்பதால் பித்தப்பை வெள்ளையாகவும், கல் கருப்பு இடைவெளியாகவும் தெரியும்.

இன்று அந்த மாத்திரை வழக்கில் இல்லை. வெறும் வயிற்றில் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே முதல் பரிசோதனை. அதற்கு ஊசியே வேண்டாம். சிக்கல் இருந்தால்தான் சி.டி. ஸ்கேனுக்கு அயோடின் ஊசி போடுவார்கள்.

இறால் அலர்ஜிக்குக் காரணம் அதிலுள்ள புரதம், அயோடின் அல்ல. நம் மாவட்டத்து வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனம் தயாரிக்கும் அயோடின் உப்பைத் தினமும் சாப்பிடுகிறோமே! தைராய்டு சுரப்பி வேலை செய்யவே அயோடின் வேண்டும்.

ஸ்கேனுக்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டியவை:

1. முன்பு இதே ஊசியால் அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் வந்ததா?
2. சிறுநீரகக் கோளாறு உண்டா? இந்த மருந்து சிறுநீர் வழியாகவே வெளியேறும். அதனால்தான் கிரியேட்டினின் பார்க்கிறார்கள்.
3. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா? நிறுத்துவதா வேண்டாமா என்று டாக்டரே சொல்வார்.
4. ஆஸ்துமா, தைராய்டு கோளாறு உண்டா?

இறால் அலர்ஜி இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆனால் அதற்காக ஸ்கேனை நீங்களாகவே தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சலோடு வலது மேல்வயிற்றில் வலி, கண்ணில் மஞ்சள் என்றால் ஒரு நாள் தாமதமும் ஆபத்து. பழைய ரிப்போர்ட்டுகளை பாஸ்புக் போலப் பத்திரமாக வைத்து, கையோடு எடுத்துச் செல்லுங்கள்.