கடைமடைக்கும் தண்ணீர்

(யூபிலி ஆயத்த நாள் மாலையில் மறைக்கல்வி ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை. மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுதித் தந்தது.)

 

அன்றாட வாழ்வில் நாம் காணும் விசுவாசப் பாடங்கள் என்ற பொருளில் பேசும்படி எங்களைப் பணித்தார்கள். பொருளைக் கேட்டவுடன் எங்களுக்கு ஓர் அச்சம். ஏனென்றால் இதில் பேசுவது மிகவும் சுலபம். மெழுகுவர்த்தி தன்னை உருக்கி ஒளி தருகிறது, சந்தனம் தேயத் தேய மணக்கிறது என்று பத்து உவமைகளை அடுக்கிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். நீங்களும் நன்றாகப் பேசினார்கள் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிடலாம். நம் ஆண்டவருடைய உவமைகளைக் கேட்டவர்கள் எல்லாரும் அப்படி நிம்மதியாகப் படுக்கப் போனதாகத் தெரியவில்லை. திராட்சைத் தோட்டக் குத்தகைக்காரர் உவமையைக் கேட்டவர்கள், இது நம்மைத்தான் சொல்லுகிறது என்று உணர்ந்து, அவரைப் பிடிக்க வழி தேடினார்கள் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். நம்மைத் தொடாத உவமையை உவமை என்று சொல்லலாமா?

அவர் எடுத்துக்கொண்ட பொருள்களைப் பாருங்கள். விதை, வலை, விளக்கு, துடைப்பம், காணாமற்போன ஒரு காசு, பிசைந்த மாவு. தச்சர் வீட்டில் வளர்ந்தவர், தச்சு வேலையைவிட வயலைப் பற்றியும் அடுக்களையைப் பற்றியும்தான் அதிகம் பேசியிருக்கிறார். கேட்பவர்களின் கையில் என்ன இருந்ததோ அதையே அவர் எடுத்துக்கொண்டார்.

புளித்த மாவு உவமையை நாங்கள் பல ஆண்டுகள் வீணாக்கினோம். ரொட்டி எப்படிச் சுடுகிறார்கள் என்று விளக்குவதற்குள் மணி அடித்துவிடும். ஒரு ஞாயிறு ஒரு சிறுமி எழுந்து, "எங்க வீட்ல ஆயா பாலுக்கு உறை ஊத்துற மாதிரியா?" என்று கேட்டாள். அன்றுதான் எங்களுக்கே அந்த உவமை புரிந்தது. உறைமோர் எங்கிருந்து வருகிறது? நேற்றைய தயிரிலிருந்து. நேற்றைய தயிர் முந்தாநாள் தயிரிலிருந்து. வீட்டில் தீர்ந்துபோனால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகிறோம். சும்மா விட்டுவைத்த பால் திரிந்து போகுமே தவிர நல்ல தயிராகாது. யார் வீட்டிலிருந்தாவது ஒரு கரண்டி வந்துதான் ஆகவேண்டும். நம் விசுவாசமும் அப்படி வந்ததுதான். யாரோ ஒரு உபதேசியார் வெயிலில் நடந்து வந்து, யாரோ ஒரு பாட்டனாருக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுத்தார். அந்த ஒரு கரண்டிதான் இன்று இங்கே நிறைந்திருக்கிறது.

இத்தோடு நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் அந்தச் சிறுமி அடுத்ததாக, எந்த வீட்டில் உறைமோர் வாங்குவோம், எந்த வீட்டில் வாங்கமாட்டோம் என்று கேட்டிருந்தால் நாங்கள் என்ன பதில் சொல்லியிருப்போம்? நல்லவேளை, மணி அடித்துவிட்டது.

சரி, அடுக்களையை விட்டு ஏரிக்கு வருவோம். செங்கற்பட்டு மாவட்டமாக இருந்த காலத்திலிருந்தே ஏரிகள் மாவட்டம் என்று பெயர் பெற்ற பூமி இது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரி நிரம்பினால் சம்பா கைக்கு வரும். தண்ணீர் மிஞ்சினால் நவரை. இது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உங்களிடமிருந்து நாங்கள் தெரிந்துகொண்டதைத்தான் திருப்பிச் சொல்லுகிறோம்.

மதகைத் திறந்தால் தண்ணீர் முதலில் தலைமடை வயலுக்குப் பாய்கிறது. அது அந்த வயல்காரரின் புண்ணியமல்ல. அவர் வயல் மதகுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். கடைமடைக்காரர் செய்த பாவமும் ஒன்றுமில்லை. ஏரி நிறைந்த ஆண்டில் இந்த வித்தியாசம் தெரிவதே இல்லை. எல்லாரும் நல்லவர்களாக இருக்கிறோம், வரப்பில் நின்று சிரித்துப் பேசுகிறோம். தண்ணீர் குறைந்த ஆண்டில்தான், இரவில் யார் மண்வெட்டியோடு போய் வாய்க்காலைத் தன் பக்கம் வெட்டிவிடுகிறார் என்பது தெரியவருகிறது. அதற்காகத்தான் நம் முன்னோர்கள் நீர்க்கட்டி என்று ஒருவரை வைத்தார்கள். இன்னார் வயலுக்கு இவ்வளவு நேரம் என்று முறை வைத்துப் பாய்ச்சுவது அவர் வேலை. அவர் கடைசி வயல்வரை நடந்தே போய்ப் பார்க்கவேண்டும். மதகருகே நின்றுகொண்டு எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

கலங்கலையும் கவனித்திருப்பீர்கள். ஏரி நிரம்பியபின் மிகுந்த நீர் கலங்கல் வழியாக அடுத்த ஊர் ஏரிக்குப் போகிறது. ஆசைப்பட்டுக் கலங்கலின்மேல் மணல் மூட்டை அடுக்கினால் சில நாள் தண்ணீர் கூடுதலாக நிற்கும். பெருமழை வந்தால் கரையே போய்விடும். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வந்தனைப் பற்றி லூக்கா 12-ஆம் அதிகாரத்தில் வாசிக்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்த மணல் மூட்டைதான் நினைவுக்கு வருகிறது.

ஏரியை நினைத்தால் உத்திரமேரூரையும் நினைக்கவேண்டும். பஸ்ஸுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அங்கே போய்வருகிற நாம், வைகுந்தப் பெருமாள் கோவில் சுவரை நின்று பார்ப்பதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அப்படித் தேர்ந்தவர்களில் 6 பேர் ஏரி வாரியம். ஏரியைக் காப்பது அவர்கள் பொறுப்பு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவனும் அவனுடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி குடவோலையில் வரமுடியாது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அப்போஸ்தலர்களும், பொறுப்பாளனை அழைத்துக் கணக்குக் கேட்ட உவமைத் தலைவனும் இந்தச் சுவரைப் பார்த்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

ஆனால் யாருடைய பெயர் அந்த ஓலையில் ஏறியது? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும். சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும். வயது 35 முதல் 70. வேதப் பயிற்சியும் வேண்டும். அது பிராமணர் சபை. அந்த ஏரியின் சேற்றில் இறங்கியவன் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை. சிறுவனின் கை நேர்மையான கைதான், சந்தேகமில்லை. குடத்தில் இல்லாத பெயரை அவன் எப்படி எடுப்பான்?

ஆயிரம் ஆண்டுக்கு முந்தியவர்களைக் குறை சொல்வது எளிது. நம் காலத்துக்கு வருவோம். 1950-ல் குடியரசுத் தலைவரின் ஆணை தாழ்த்தப்பட்டோர் பட்டியலை வகுத்தபோது, இந்துக்களுக்கே அது என்று வரையறுத்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவராகிய தலித் மக்கள் சேர்க்கப்படவில்லை. இது அநீதி என்று திருச்சபை குரல் கொடுக்கிறது, கொடுக்கவும் வேண்டும். ஆனால் 2003 நவம்பரில் தமிழகத்து ஆயர்கள் உரோமைக்குச் சென்றிருந்தபோது, புனித இரண்டாம் அருள் சின்னப்பர் நம் வீட்டுக்குள்ளேயே விளக்கைத் திருப்பிக் காட்டினார். கிறிஸ்தவர்களுக்கிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கலாகாது என்று கண்டித்தார். அரசாங்கத்தின் பட்டியலில் பெயர் இல்லையே என்று அழுகிற நாம், நம்முடைய பட்டியல்களை எப்படி எழுதுகிறோம்?

இதை யாரையோ நினைத்துச் சொல்லவில்லை, எங்களை நினைத்தே சொல்லுகிறோம். யூபிலி நன்கொடைக்காக வீடு வீடாகப் போனவர்களில் நாங்களும் இருந்தோம். 1000 ரூபாயும் அதற்கு மேலும் தருகிறவர்களின் பெயரை மலரின் கடைசிப் பக்கங்களில் தொகை வாரியாக அச்சிடுவதென்று கூடிப் பேசி முடிவு செய்திருந்தோம். யாரும் மறுத்துப் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை.

ஒரு வீட்டுத் திண்ணையில் ஓர் ஆயா உட்கார்ந்திருந்தார். நடவுக்கு ஆள் கூப்பிடும்போது வேகமாக நடுகிற கைகளுக்கே முதல் அழைப்பு. இவரைப் போன்றவர்களைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள், பல நாள் கூப்பிடுவதே இல்லை. கடைசி மணி நேரம்வரை சந்தையில் நின்றவர்களிடம் ஏன் என்று கேட்டபோது, எங்களை யாரும் கூப்பிடவில்லையே என்றார்களல்லவா, அந்த வரிசையில் நின்றவர் இவர். அந்தத் தோட்டத்து எசமான் அவர்களுக்கும் முழுநாள் கூலியாகிய ஒரு தெனாரியத்தையே கொடுத்தார். ஒரு மணி நேரம் உழைத்தவன் வீட்டிலும் நாள் முழுவதும் பசிக்கத்தானே செய்யும்!

ஆயா முந்தானை முடிச்சை அவிழ்த்து 60 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். நாங்கள் நோட்டில் எழுதினோம். அவர் எட்டிப் பார்த்து, "எம்பேரு எழுதிட்டியா கண்ணு?" என்று கேட்டார். "எழுதியாச்சு ஆயா" என்றோம். நாங்கள் எழுதியிருந்தது "இதர வரவு 60" என்பது. அவருக்கு வாசிக்கத் தெரியாது.

அன்று இரவு எங்களில் ஒருவர் மற்றவர்களிடம் வந்து இதைப் பற்றிப் பேசினார். ஆலயக் காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்திருந்த ஆண்டவர், அந்த ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு சிறு காசுகளை எந்தத் தலைப்பின்கீழ் எழுதினார் என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. கோவிலில் உள்ள ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். அதில் எந்தப் பெயருக்கும் தொகை கிடையாது. நிலமுள்ளவன், இல்லாதவன், இன்ன தெருக்காரன் என்று தனித்தனிப் பக்கமும் கிடையாது. பிறந்து தூக்கி வந்த வரிசைப்படி, ஒருவர்பின் ஒருவராக, எல்லாப் பெயரும் இருக்கிறது. அந்த ஆயாவின் பேரப்பிள்ளைகள் பெயரும் இருக்கிறது.

பட்டியலை மாற்றினால் அதிகம் கொடுத்தவர்கள் மனம் வருந்துவார்களே என்று எங்களுக்குள்ளேயே ஒரு பேச்சு எழுந்தது. அது வெறும் பேச்சல்ல. அவர்கள் கொடுத்ததால்தான் விழாவே நடக்கிறது. அவர்களிலும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கொடுத்தவர்கள் உண்டு. அவர்கள் பெயரை எடுத்துவிடச் சொல்லவில்லை. தொகையை எடுத்துவிட்டு, பெயர்களை அகர வரிசையில் போடலாமா, இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்கலாமா என்றுதான் கேட்கிறோம். எழுத்து சிறிதானால் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிப்போம்.

மலர் வெளியாகும் நாளில் ஆயா ஒரு பிரதி கேட்பார். பேரப்பிள்ளையிடம் கொடுத்துத் தன் பெயரை வாசித்துக் காட்டச் சொல்வார். அந்தப் பிள்ளை எங்கள் மறைக்கல்வி வகுப்பில்தான் படிக்கிறான், நன்றாக வாசிப்பான். பட்டியல் இன்னும் அச்சகத்துக்குப் போகவில்லை. மலர்க்குழு வெள்ளிக்கிழமை மாலை கூடுகிறது. இங்கே இருப்பவர்கள் எல்லாரும் வரலாம் என்று பங்குத் தந்தை சொல்லியிருக்கிறார்.