லோவல் நகரின் கால்வாய்க் கதவு



ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்திலே மெரிமாக் என்னும் ஆறு ஓரிடத்தில் ஏறக்குறைய 32 அடி தாழ்ந்து விழுகின்றது. அவ்வீழ்ச்சியைச் சுற்றிப் படகுகள் செல்லும்பொருட்டு 1796 ஆம் ஆண்டிற் கால்வாயொன்று திறக்கப்பட்டது. கால் நூற்றாண்டு சென்றபின் அங்கு வந்த முதலாளிமார், படகுப் போக்குவரத்தைவிட நீரின் விசையே பெறுமதி மிக்கதெனக் கண்டனர். 1822 இல் ஐரிஷ் தொழிலாளர் முப்பதுபேர் நடந்தே வந்துசேர்ந்து, கால்வாயை அகலிக்கத் தொடங்கினர். பின்னர் கிளைக் கால்வாய்கள் பிறந்தன. அவற்றின் கரையெங்கும் நெசவாலைகள் எழுந்தன. அதுவே லோவல் நகரம்.

ஆலைகளில் மணியோசைக்கு எழுந்து மணியோசைக்கு ஓய்ந்த இளம் பெண்களையும், பத்து மணி நேர வேலைநாள் வேண்டி 1840களில் அவர்கள் சட்டசபைக்கு அனுப்பிய விண்ணப்பங்களையும் பலர் எழுதியிருக்கின்றனர். அப்பெண்களின் தறிகளை ஓட்டிய நீரைக் காத்தவர்களைப்பற்றி அவ்வளவாக எவரும் பேசுவதில்லை.

அங்கே நீரும் ஒரு வியாபாரப் பொருள். முப்பது அடி வீழ்ச்சியில் விநாடிக்கு 25 கன அடி நீர் என்பது ஓர் அலகு. அதற்கு ஆலைகள் குத்தகை செலுத்தின. உரிய பங்கிற்குமேல் ஓராலை நீரெடுத்தால் மற்றோராலையின் தறி தளரும். நம் வயற்காரருக்கு இவ்வழக்கை விளக்கவேண்டியதில்லை. ஆகவே, அடியிற் பாரமிட்ட தகரக் குழாய்களை நீரில் நிமிர்ந்து மிதக்கவிட்டு, குறித்த தூரத்தை அவை கடக்கும் நேரத்தைக் கணித்து, ஓடும் நீரை அளந்தனர்.

இவ்வளவையைச் சீர்செய்தவர் ஜேம்ஸ் பிரான்சிஸ். இங்கிலாந்திற் பிறந்து, பதினெட்டாம் வயதில் அமெரிக்கா சென்று, 1837 இற் கால்வாய்க் கம்பனியின் பிரதம பொறியியலாளரானவர். பழைய வெள்ளங்களின் உயரத்தை விசாரித்தறிந்த அவர், ஆறு ஒருநாள் கால்வாய்வழியே நகருக்குட் புகும் என அஞ்சினார். 1850 இல், கால்வாயின் தலைப்பில், பெரும் மரங்களை இணைத்து, ஏறக்குறைய 25 அடி உயரமான கதவொன்றைச் செய்து, இரும்பிலே தொங்கவிட்டார். ஊரார் நகைத்து, அதற்குப் ‘பிரான்சிஸின் பேதைமை’ என்று பெயரிட்டனர். வெயிற்காலத்திலே கூரை திருத்தப் பணங்கேட்கும் தலைமையாசிரியர் எவருக்கும் இத்தகைய நகைப்புப் புதிதன்று.

ஈராண்டு கழியவில்லை. 1852 ஏப்பிரில் மாதத்திலே மெரிமாக் பெருகிற்று. இரவு விடியுமுன், தொழிலாளி ஒருவன் உளியும் சுத்தியலுங்கொண்டு அவ்விரும்பை வெட்டினான். கதவு வீழ்ந்தது, கால்வாயின் வாய் அடைபட்டது, நகரம் பிழைத்தது. 1936 மார்ச்சு வெள்ளத்திலும் அதே மரக்கதவையே இறக்கினர். அவ்வேளை பிரான்சிஸ் இறந்து 43 ஆண்டுகள் சென்றிருந்தன.

அவர் பெயர் நமக்குப் பரிச்சயமானது வேறொரு வழியால். லோவலில் நீர்ச்சக்கரங்களைச் சோதித்து அவர் திருத்தியமைத்த சுழலியே ‘பிரான்சிஸ் சுழலி’. சக்கரத்தின் புறவட்டத்திலிருந்து உள்நோக்கிப் பாய்ந்து நீர் அதனைச் சுழற்றும். 1985 இல் திறக்கப்பட்ட நம் விக்டோரியா மின்நிலையத்திற் சுழல்வன அவ்வினத்தனவே.

லோவலின் பெரிய நெசவாலைகள் இருபதாம் நூற்றாண்டின் நடுக்கூற்றுள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கால்வாயோ வேலையை விடவில்லை. 1848 இல் முடிந்த வடக்குக் கால்வாயின் நீரைக்கொண்டு 1980களில் புதிய மின்நிலையம் அமைத்தனர். இன்றும் அங்கே கால்வாய்ப் பணியாளருக்கு அன்றாடக் கருமங்கள் உண்டு: நீர்மட்டம் பார்த்தல், கதவுகளை ஏற்றியிறக்கல். 2006 இல் வெள்ளம் வந்தபோது இரும்புச் சட்டங்களை அடுக்கி வாயை அடைத்தனர். பிரான்சிஸின் மரக்கதவு அப்போது இறக்கப்படவில்லை. தன் பழைய கூடத்திலே தொங்கியபடியே இருந்தது.