தைப்பூசத்தன்று சிவந்த நிலவு



2018ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் தைப்பூசம். ஈப்போவில் புந்தோங்கிலிருந்து கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்துக்குக் காவடிகள் சென்ற அதே நாளில் முழுச் சந்திர கிரகணமும் வந்தது. மலேசிய நேரப்படி இரவு 7.48க்கு நிலவின் விளிம்பு கறுக்கத் தொடங்கியது. 8.51 முதல் 10.07 வரை நிலவு முழுவதும் நிழலுக்குள் சென்று செப்புத் தட்டுப் போலச் சிவந்தது. 11.11க்குக் கிரகணம் விட்டது.

நிலவு ஒன்று, பார்த்தவர்கள் கொண்ட பொருளோ பல. செய்தித்தாள்கள் பெருநிலவு, நீலநிலவு, இரத்தநிலவு என மூன்று பெயர்களைச் சேர்த்துச் சூட்டின. நீலம் என்றது நிறத்தை அன்று. ஒரே ஆங்கில மாதத்தில் வரும் இரண்டாம் பௌர்ணமிக்கு அப்படி ஒரு பெயர். முஸ்லிம் அன்பர்கள் கிரகணத் தொழுகை செய்தனர். திருமலை உள்ளிட்ட பல ஆலயங்களில் நடை சாத்தப்பட்டது. நம் வீடுகள் பலவற்றில் பழைய அச்சமும் கூடவே வந்து உட்கார்ந்தது.

நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்து லயத்தில், கிரகணம் என்றால் பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் நீர் ஊற்றி அதில் உலக்கையை நிறுத்துவார்கள். உலக்கை நிற்கும்வரை கிரகணம் உண்டு, விழுந்தால் விட்டது என்பார்கள். அடி தட்டையான உலக்கை எந்த நாளிலும் நிற்கும் என்பதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. கர்ப்பிணிப் பெண் வாசலுக்கு வரக்கூடாது, வாயில் தண்ணீர் படக்கூடாது என்பதும் கட்டளை.

இராகு விழுங்குகிறான் என்ற கதை நம்முடையது, மறுக்கவில்லை. ஆனால் கணக்கும் நம்முடையதுதான். பூமியின் நிழலே சந்திரனை மறைக்கிறது என்று 499ஆம் ஆண்டை ஒட்டி ஆரியபட்டர் எழுதிவிட்டார். சந்திரன் செல்லும் பாதை சற்றே சாய்ந்திருப்பதால் மாதந்தோறும் கிரகணம் வருவதில்லை. அப்பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகளையே நம் சோதிடக் கணிதம் இராகு, கேது என்கிறது. நிழலுக்குள் போன நிலவு சிவப்பதற்குக் காரணம், பூமியின் காற்று மண்டலத்தில் வளைந்து வரும் செந்நிற ஒளி.

1825இல் ஜான் வாரன் என்பவர், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைக் கண்டார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரம் 4 நிமிடமே பிசகியது. நடுநேரம் 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. ஏடும் எழுத்தும் இன்றிச் செய்த கணக்கு அது! அந்தக் கணிதரின் வழிவந்த நாம், உலக்கையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு சோழியை மறந்துவிட்டோம்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஆலயத்தில் நடை சாத்துவது மரபு, அதை மதிப்போம். கிரகண வேளையில் நீராடுவதும் செபிப்பதும் நல்ல ஒழுக்கம், விரும்புவோர் செய்யட்டும். ஆனால் வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவளைப் பட்டினி போடாதீர்கள். நீரிழிவு நோயாளி உணவையும் மருந்தையும் மருத்துவரைக் கேளாமல் தள்ளிப்போட வேண்டாம். கிரகணத்தால் அவர்களுக்குக் கேடில்லை. பட்டினியால் கேடு வரலாம். சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது. சந்திர கிரகணத்தைத் தாராளமாகப் பார்க்கலாம்.

2028 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டு பிறக்கும் வேளையில், நம் நாட்டு வானில் மீண்டும் முழுச் சந்திர கிரகணம் நிகழும். நள்ளிரவு 12.16 அளவில் நிலவு முழுவதும் மறையும். புத்தாண்டு வழிபாட்டு நேரத்தை ஆலயங்கள் இப்போதே ஆலோசிக்கலாம். அன்று பிள்ளைகளைப் போர்வைக்குள் ஒளித்து வைக்காமல் முற்றத்துக்கு அழைத்து வாருங்கள். இராகு கதையையும் சொல்லுங்கள், நிழல் கணக்கையும் சொல்லுங்கள். இரண்டையும் கேட்டு வளரும் பிள்ளைக்குப் பக்தி குறையாது. பயம் மட்டுமே குறையும்.

முருகப் பெருமான் திருவருள் அனைவருக்கும் துணை நிற்பதாக.