வெட்டினால்தான் திராட்சை காய்க்கும்



நம்ம கள்ளக்குறிச்சிப் பக்கம் 'கொல்லை'ன்னு சொன்னா மானாவாரி நிலமும் அதுதான், வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற இடமும் அதுதான். இன்னைக்கு நான் பேசப் போறது வீட்டுக் கொல்லையைப் பத்தி. துணி காயப் போடுற கொடி, துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம். இதெல்லாம் போக ஒரு பந்தலுக்கு இடம் இருந்தா அங்க திராட்சையும் வரும், காய்கறியும் வரும்.

திராட்சை வைத்தவர்கள் பெரும்பாலும் சொல்கிற குறை ஒன்றுதான்: "பந்தல் பூரா இலை, ஒரு கொத்துகூட இல்லை." உரம் போதலையோ, மண் சரியில்லையோ என்று யோசிப்பதற்கு முன்னால், கொடியைக் கவாத்து செய்தீர்களா என்று பாருங்கள். குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்தால் திராட்சைக் கொடி தானே இலையை உதிர்த்துத் தூங்கிவிடும். நம்ம வெயிலில் அதற்குத் தூக்கமே கிடையாது, வருஷம் முழுக்க இலை விட்டுக்கொண்டே போகும். முற்றிய கிளையை வெட்டினால் அதிலிருந்து வரும் புதுத் தளிரில்தான் பூங்கொத்து வரும். கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்கப் பழம் கிடைப்பதும் இந்த வெட்டினால்தான். ஒவ்வொரு தோட்டத்திலும் வெவ்வேறு மாதத்தில் கவாத்து செய்கிறார்கள். அந்தக் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வீட்டுக்கும் பன்னீர் திராட்சையே நல்லது. விதை போட்டு வளர்க்காதீங்க, தாய்க்கொடி மாதிரியே பழம் வராது. வேர் விட்ட குச்சியை ஜூன், ஜூலையில் நடுங்கள். இரண்டடிக்கு இரண்டடி குழி, ரெண்டடி ஆழம், தொழுவுரம் கலந்த மண். ஒரே ஒரு தண்டை மட்டும் குச்சி கட்டி ஏழடிப் பந்தல் வரை ஏற்றி, மேலே போனதும் நுனியைக் கிள்ளி, இரண்டு பக்கமும் கிளைய விடுங்கள். ஒன்றரை வருஷமாவது பொறுமை வேணும்.

கவாத்து டிசம்பர் கடைசி, ஜனவரியில். பழுப்பு நிறத்தில் முற்றிய கிளையில் நாலு மொட்டு விட்டு மீதியை வெட்டிவிடுங்கள். மனசு வராது, ஆனாலும் வெட்டணும். சுமார் நாலு மாசத்தில், ஏப்ரல் - மே வாக்கில் பழம். மே - ஜூனில் இன்னொரு கவாத்து செய்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி அடுத்த பழம். அக்டோபர், நவம்பர் மழையில் பூவும் பிஞ்சும் இருந்தால் அடிச்சாம்பல் நோய் பிடிக்கும். அதனால் இந்தக் கணக்கை விடாதீங்க.

இதே கணக்குதான் கீழே இருக்கிற காய்கறிக்கும். இலை மூடிய பந்தலுக்கு அடியில் தக்காளியும் வெண்டையும் காய்க்காது. அவற்றுக்குத் தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் வேணும், பந்தலுக்கு வெளியே கிழக்கு, தெற்குப் பக்கம் வையுங்கள். பந்தலுக்கு அடியில் நிரந்தரமாக இருக்க வேண்டியது நிழல் தாங்குகிற புதினா, இஞ்சி, மஞ்சள் போன்றவை. கவாத்து முடிந்து பந்தல் மொட்டையாக நிற்கும் சில வாரம் மட்டும் கீழே நல்ல வெயில் அடிக்கும். அப்போது முளைக்கீரை தூவினால் 25, 30 நாளில் பறித்துவிடலாம். அதற்குள் மேலே தளிர் மூட ஆரம்பித்திருக்கும்.

தண்ணீரிலும் ஒரு சிக்கல் உண்டு. கவாத்துக்கு ஒரு வாரம் முன்னாலும், பழம் பறிக்க ஒரு வாரம் முன்னாலும் திராட்சைக்குத் தண்ணீரை நிறுத்த வேண்டும், அப்போதுதான் இனிப்பு ஏறும். கீரை அப்படிக் காத்திருக்காது. அதனால் தினமும் தண்ணீர் கேட்கிற செடிகளைக் கொடியின் வேரிலிருந்து தள்ளி, பையிலோ தொட்டியிலோ வைப்பதே நல்லது.

இன்னொன்றைக் கவனமாகக் கேளுங்கள். நோய்க்கு ஒரு சத போர்டோ கலவை தெளிப்பார்கள். 10 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டரிலும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, பிறகு சேர்க்க வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் சேருங்கள். பந்தலில் தெளித்தது அப்படியே கீழே கீரை மேல்தான் விழும். அதனால் முதலில் தெளிப்பு, அப்புறம் கீரை விதைப்பு. மருந்து விழுந்த கீரையைச் சமைக்காதீங்க, வீட்டில் சின்னப் பிள்ளைங்க இருந்தால் இன்னும் கவனம்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் இருப்பவர்களுக்கு என் கருத்து வேறு. அங்கே மூடுபனியும் ஈரமும் அதிகம், இலை காய்வதற்கே நேரமாகும். பந்தல் போட்டால் முதலில் அவரையை ஏற்றுங்கள். பனிக்காலத்தில்தான் அது கொத்துக்கொத்தாகக் காய்க்கும். திராட்சையை, வெயில் நன்றாகப் படுகிற வீடாக இருந்தால் ஒரே ஒரு கொடி வைத்துப் பாருங்கள்.

இனி கையில் இருக்கிற போனுக்கு வருவோம். 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் காய்கறி விதைத் தொகுப்பும் பழச்செடித் தொகுப்பும் தருகிறார்கள். உழவன் செயலியில் பதிவு செய்யலாம். பழச்செடித் தொகுப்பில் இருப்பது பப்பாளி, கொய்யா, எலுமிச்சை. திராட்சையை நீங்கள்தான் நாற்றங்காலில் வாங்க வேண்டும். இருப்பு இருக்கிறதா என்று உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம். கொடியில் நோய் தெரிந்தால் இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். வெண்பூச்சு அடியில் இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்பதை வைத்துத்தான் அது அடிச்சாம்பலா, சாம்பல் நோயா என்று சொல்வார்கள். நேரில் போக முடியாதவர்கள் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.